எந்தக் கூடாரம் என்பதற்கு முன், எந்த நிலம்?

'மாசாய் மாராவில் மூன்று இரவு' என்று பயணத் திட்டத்தில் ஒரு வரி இருக்கும். கென்யாவுக்குப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வரியை அப்படியே ஏற்றுக்கொண்டு பணம் கட்டிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் மூன்று விதமான இடங்கள் அடங்கும். மாசாய் மாரா தேசியக் காப்பகத்துக்கு உள்ளேயே இருக்கும் லாட்ஜுகள் ஒரு வகை. செகெனானி போன்ற நுழைவாயில்களுக்கு வெளியே நெருக்கமாக அமைந்த முகாம்கள் இன்னொரு வகை. காப்பகத்தை ஒட்டி, மாசாய் குடும்பங்கள் விலங்குகளுக்காகத் திறந்துவிட்ட சொந்த நிலங்களில், அதாவது கன்சர்வன்சிகளில், இருக்கும் முகாம்கள் மூன்றாவது. விடியும்போது சிங்கத்தின் அருகில் இருக்க முடியுமா, அதைச் சுற்றி எத்தனை வண்டிகள் நிற்கும், கட்டிய பணம் யாருக்குப் போய்ச் சேரும் என்பதெல்லாம் இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்தது.

தங்குமிடம் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது நீச்சல்குளம் உண்டா, அறை எவ்வளவு பெரிது என்பதைத்தான். சஃபாரியில் அறைக்குள் இருக்கும் நேரம் மிகக் குறைவு. சிங்கமும் சிறுத்தையும் வெயில் ஏறியதும் நிழல் தேடிப் படுத்துவிடும். வெளிச்சத்தில் அவை நடமாடுவதைப் பார்க்க முடிவது பெரும்பாலும் அதிகாலையிலும் அந்தியிலும்தான். அந்த இரண்டு பொழுதுகளும் கையில் கிடைக்கிற இடமே நல்ல தங்குமிடம்.

வாயிலுக்கு வெளியே தங்கினால் செலவு குறைவு. ஆனால் காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும்வரை வரிசையில் நிற்க வேண்டும். மாலை ஆறுக்குள் வெளியேறிவிட வேண்டும். 2024 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் காப்பகக் கட்டணம் தலைக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். அந்தச் சீட்டு 12 மணி நேரத்துக்குத்தான் செல்லும். அறை வாடகையில் மிச்சம் பிடித்ததாக நினைக்கிறவர்கள் இந்தக் கட்டணத்தையும், வாயிலுக்குப் போய்வரும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். ஆகஸ்டில் மாரா ஆற்றை வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இனத்தின் கூட்டம் கடக்கும் நாட்களில் கரையோரம் முழுக்க வண்டிகளாக இருக்கும். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கூட்டம் பெருகும் நாளில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

இந்த நெரிசலுக்கு விலை கொடுப்பவை விலங்குகள்தான். மாராவின் சிவிங்கிப்புலிகளைப் பற்றி 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதிகளில் ஒரு தாய் ஓர் ஈற்றில் தனித்து வாழும் வயதுவரை வளர்த்தெடுத்த குட்டிகள் சராசரியாக 0.2; வண்டிகள் குறைந்த பகுதிகளில் 2.3. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் விலங்கு. பயணிகள் சுற்றி வருவதும் அதே பகலில்தான். ஒரு புகைப்படத்துக்காக ஓட்டுநரை இன்னும் நெருங்கிப் போகச் சொல்கிற ஒவ்வொருவரும் இந்த இரண்டு எண்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கன்சர்வன்சிகள் இதற்குத் தரும் மாற்று, படுக்கைகளின் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டுவது. ஒல் கின்யெய் கன்சர்வன்சியில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்பது கணக்கு. கூடாரம் குறைவதால் வண்டியும் குறைகிறது. காப்பகத்தில் அனுமதி இல்லாத இரவு சஃபாரியும், வழிகாட்டியோடு நடந்துபோய்க் காட்டைப் பார்ப்பதும் இங்கே உண்டு. ஆற்றைக் கடக்கும் காட்சிதான் வேண்டுமென்றால், அதன் முக்கியமான துறைகள் காப்பகத்துக்குள் இருப்பதால் தனிக்கட்டணம் கட்டி ஒரு நாள் உள்ளே போய்வர வேண்டியிருக்கும்.

பணம் போகும் வழியும் வேறு. கென்யாவின் காட்டு விலங்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, தேசியப் பூங்காக்களுக்கும் காப்பகங்களுக்கும் வெளியே வாழ்பவை. அந்த நிலத்துக்கு உரியவர்கள் வேலி போட்டுவிட்டால் விலங்குகளின் வழித்தடம் அறுந்துபோகும். 2010-இல் உருவான மாரா நபோய்ஷோ கன்சர்வன்சியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாசாய் நில உரிமையாளர்கள் தங்கள் துண்டு நிலங்களைச் சேர்த்து, ஏறத்தாழ 50,000 ஏக்கரை ஒரே வெளியாகத் திறந்துவைத்திருக்கிறார்கள். அதற்குக் குத்தகைப் பணம் முகாம்களிடமிருந்து வருகிறது; முகாம்களுக்குப் பயணிகளிடமிருந்து வருகிறது. அதனால்தான் 2020-இல் கொரோனாவால் பயணிகள் வரத்து நின்றபோது இந்த ஏற்பாடே ஆட்டம் கண்டது. வேலி இல்லாத அந்தப் புல்வெளி ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் பணம் கட்டுவதால்தான் அப்படியே கிடக்கிறது. தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறவர் அந்த நிலத்தின் கதியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

நிலத்தோடு மாதத்தையும் பார்க்க வேண்டும். வில்டபீஸ்ட் கூட்டம் ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பது. பிப்ரவரியை ஒட்டி, அது தான்சானியாவின் தென் செரெங்கெட்டியில், ண்டுடு பகுதியில் கன்று ஈனும். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வட செரெங்கெட்டியிலும் மாராவிலும் இருக்கும். செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். பிப்ரவரியில் அதன் வடகோடியில் அறை எடுத்தவர், கூட்டத்தைத் தேடி நாள் முழுக்க வண்டியில் போக வேண்டியிருக்கும். கூட்டத்தைப் பின்தொடர்ந்து ஆண்டுக்குச் சில முறை இடம் மாறும் கூடார முகாம்கள் இதற்காகவே அங்கே இருக்கின்றன.

இவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்கு ஆப்பிரிக்கா எட்டாத இடமில்லை. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் ஸ்குகுசா, சடாரா, லோயர் சாபி என்று அரசு நிறுவனமே நடத்தும் தங்கும் முகாம்கள் உள்ளன. சுற்றிலும் வேலி, உள்ளே குடில்கள், பல குடில்களில் சமைத்துக்கொள்ளவும் வசதி. வாடகைக் காரை எடுத்துத் தாங்களே ஓட்டிப் பூங்காவைச் சுற்றலாம். முகாமின் வாயில் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு குறைவு. அதே க்ரூகரை ஒட்டிய சாபி சாண்ட் தனியார் காப்பகத்துக்கும் பூங்காவுக்கும் இடையே இருந்த வேலி 1993-இல் அகற்றப்பட்டது. சிறுத்தைகள் இரு பக்கமும் போய்வரும். சாபி சாண்டில் ஓர் இரவுக்கு ஆகும் செலவு மட்டும் பல மடங்கு.

வேலி இல்லாத முகாம்களில் தங்குவது வேறு அனுபவம். இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பாட்டு இடத்துக்குத் தனியாக நடக்க விடமாட்டார்கள். காவலாளி விளக்கோடு வந்து அழைத்துப் போவார். இரவில் நீர்யானை கூடாரத்தை ஒட்டிப் புல் மேய்வதுண்டு. சிறு குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளாத முகாம்களும் இருக்கின்றன. முன்பணம் கட்டும் முன் வயது வரம்பைக் கேட்டுவிடுவது நல்லது. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குச் சிறு விமானத்தில் போகிறவர்களுக்குப் பொதுவாக 15 கிலோ சாமான்தான் அனுமதி, அதுவும் மடங்கக்கூடிய பைகளில்.

முன்பதிவு செய்யும்போது முகவரிடம் நான்கு விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். முகாம் காப்பகத்துக்கு உள்ளேயா, வெளியேயா, கன்சர்வன்சியிலா? சொன்ன விலையில் நுழைவுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா? வண்டியில் எத்தனை பேர், எல்லோருக்கும் சன்னலோர இருக்கை உண்டா? அந்த நிலத்துக்குக் குத்தகை பெறுகிறவர்கள் யார்? ஆற்றைக் கடக்கும் காட்சிதான் குறி என்றால் ஓராண்டுக்கு முன்பே அறை பிடிக்க வேண்டியிருக்கும். சிங்கமும் யானையும் போதுமென்றால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களைப் பார்க்கலாம். அவை ஆண்டு முழுவதும் மாராவில்தான் இருக்கின்றன. அப்போது காப்பகக் கட்டணம் பாதி, வண்டிகளும் குறைவு.