பைத்தியம் என்று தீர்ப்பளிக்க நாம் யார்?



ஒரு வீட்டார் தம் குடும்பத்தில் ஒருவரைக் குறித்து, "அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்று சொன்னால் நாம் உடனே நம்பிவிடுகிறோம். அப்படிச் சொல்லப்பட்டவரிடம் சென்று ஒரு வார்த்தை கேட்பவர் மிக அரிது. இந்த வழக்கம் எத்தகைய அநியாயத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு, அமெரிக்காவின் இலினாய் மாநிலத்துக் கவுண்டி நீதிமன்றங்களில் நடந்த இரண்டு விசாரணைகள் சாட்சி கூறுகின்றன.

மான்டீனோ என்னும் ஊரில் தியோஃபிலஸ் பேக்கார்டு என்ற கிறிஸ்தவப் போதகர் வாழ்ந்தார். அவருடைய மனைவி எலிசபெத் ஆறு பிள்ளைகளின் தாய். கணவர் போதித்த சில சமயக் கொள்கைகளை அவர் ஏற்கவில்லை. ஏற்கவில்லை என்பதை வெளிப்படையாகவும் பேசினார். 1860 ஜூன் மாதம் அவரைக் கணவர் ஜாக்சன்வில் மனநோய் விடுதிக்கு அனுப்பிவைத்தார். மற்றவர்களை அடைப்பதற்குத் தேவையான ஆதாரம் இல்லாமலேயே, மணமான பெண்ணைக் கணவரின் வேண்டுகோளின் பேரில் அடைத்து வைக்கலாம் என்று 1851ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்திருந்தது. எந்த நீதிபதியும் அவரை விசாரிக்கவில்லை. மூன்று ஆண்டுகள் அங்கே கழிந்தன.

வெளியே வந்த பின்னரும் கணவர் அவரை வீட்டில் ஓர் அறையில் பூட்டி வைத்தார். எலிசபெத் எழுதிய கடிதமொன்று எப்படியோ வெளியே சென்று, வழக்கு கான்ககி கவுண்டி நீதிமன்றத்தை அடைந்தது. 1864 ஜனவரியில் விசாரணை நடந்தது. அவருடைய வழக்கறிஞர் ஸ்டீபன் மூர் எழுதி வைத்த விவரங்களைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஒரு மருத்துவர் தையல் இயந்திரம் விற்பவரைப் போல வேடமிட்டு வந்து பேச்சுக் கொடுத்து, அந்தப் பேச்சைக் கொண்டே அவரைப் பைத்தியம் என்று முடிவு செய்திருந்தார். தம்மைப் பைத்தியம் என்று அழைப்பதை அவர் வெறுத்தார் என்பதையும் ஒரு காரணமாக நீதிமன்றத்தில் அடுக்கினார்! சித்தசுவாதீனம் உள்ள எவர்தாம் அதை விரும்புவார்? நடுவர் குழு ஏழே நிமிடங்களில் எலிசபெத் தெளிந்த புத்தியுடையவர் என்று தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டுகள் பறிக்கப்பட்ட சுதந்திரத்தை மீட்க ஏழு நிமிடங்கள் போதுமானதாக இருந்தன. அதற்கு முன் அவரைக் கேட்க ஒருவரும் முன்வரவில்லை என்பதே குற்றம்.

அவர் ஓய்ந்துவிடவில்லை. அவருடைய தளராத முயற்சியால், நடுவர் குழுவின் விசாரணையின்றி எவரையும் அடைக்கக் கூடாது என்ற சட்டம் 1867இல் இலினாயில் வந்தது.

ஆனால் சட்டம் வந்தால் மட்டும் நீதி வந்துவிடுமா? 1875 மே 19 அன்று சிகாகோ நகரிலுள்ள குக் கவுண்டி நீதிமன்றத்தில், கொலையுண்ட அதிபர் ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரி நிறுத்தப்பட்டார். மனு கொடுத்தவர் அவருடைய மகன் ராபர்ட். கணவரையும் மூன்று மகன்களையும் பறிகொடுத்த அந்தப் பெண்ணுக்கு, அன்று தமக்கு வழக்கு இருப்பது அன்றுதான் தெரியும். எதிர்த்தரப்பில் வரிசையாகச் சாட்சிகள் வந்தனர். அவருக்காக நின்ற வழக்கறிஞர் ஒரு சாட்சியைக் கூட அழைக்கவில்லை. சில மணி நேரத்தில் அவர் மனநோயாளி என்று தீர்ப்பாயிற்று. அவர் உண்மையிலேயே நோயுற்றிருந்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகின்றனர். நோய் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் அவர் தரப்பைக் கேளாமல் விடுவது நியாயமாகிவிடுமா? 1876 ஜூன் 15 அன்று மற்றொரு நடுவர் குழு அவர் தெளிந்துவிட்டார் என்று அறிவித்து, அவருடைய சொத்துரிமையைத் திருப்பிக் கொடுத்தது.

"இது அயல்நாட்டுப் பழங்கதை, குடும்பத்தாரைவிட நோயாளியின் நலனை அறிந்தவர் யார்?" என்று கேட்போர் உண்டு. எலிசபெத்தை அடைத்தவரும் குடும்பத்தார்தாம். பாசம் இருந்தாலும் சினம், சலிப்பு, சொத்தாசை, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் அச்சம் ஆகியவையும் அதே வீட்டில்தான் இருக்கின்றன.

இந்தக் கேள்வியை நம் சமுதாயம் தட்டிக்கழிக்க முடியாது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் உறவினர்களே. பரக்கத்தை நாடி வந்த இடத்தின் அருகே இப்படி ஒரு மரணம்! சங்கிலி போட்டவரை மட்டும் பழித்துவிட்டு, பார்த்துக்கொண்டிருந்த நாம் தப்பிவிட முடியுமா?

மார்க்கம் என்ன சொல்கிறது? தமக்கு முன் வந்த தூதர்களையும் மக்கள் சூனியக்காரர் என்றோ பைத்தியக்காரர் என்றோதான் ஏசினர் என்று இறைமறை (51:52) நமக்கு நினைவூட்டுகிறது. மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். பொருளை நிர்வகிக்கும் அறிவு இல்லாதவர்களின் கையில் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்று சொல்லும் வசனமே (4:5), அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து இனிய சொல்லும் சொல்லுங்கள் என்கிறது. சங்கிலிக்கு அதில் இடமே இல்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நம் நாட்டில் மனநோயாளியைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்கிறது. தம் விருப்பமின்றிச் சேர்க்கப்பட்டவர் மறுஆய்வு வாரியத்திடம் முறையிடவும், இலவசச் சட்ட உதவி பெறவும் வழி செய்கிறது. மேரி லிங்கனின் வழக்கு நமக்கு உணர்த்துவது இதுதான்: அந்த உரிமையைப் பயன்படுத்த ஒருவர் துணை நிற்காவிட்டால் சட்டம் வெறும் காகிதமாகவே இருக்கும்.

ஆகவே ஜமாஅத் பொறுப்பாளர்களே, இமாம்களே! ஒருவரை எங்கேனும் கொண்டுபோய் விடப் போகிறோம் என்று உங்களிடம் எவரேனும் ஆலோசனை கேட்டு வந்தால், முதலில் அந்த மனிதரைத் தனியே சந்தித்து, அவர் சொல்வதைப் பொறுமையுடன் கேளுங்கள். பின்னர் தகுதியுள்ள மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். துஆவும் செய்யுங்கள், மருந்தையும் தடுக்காதீர்கள். கேளாமல் கட்டப்பட்ட ஒவ்வொரு கைக்கும் நாளை மறுமையில் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

பலவீனர்களின் குரலைக் கேட்கும் செவியை வல்ல அல்லாஹ் நமக்கு வழங்குவானாக. ஆமீன்.