நிறை குறைந்த பின் கலோரிக் கணக்கு: எமது நிலைப்பாடு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் நீரிழிவோடும் உயர் குருதி அமுக்கத்தோடும் வாழ்பவர்கள் மத்தியில் வேலை செய்யும் அமைப்பு என்ற வகையில், எம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல விரும்புகிறோம். கிளினிக்கில் சொன்னதைக் கேட்டோ, கைத்தொலைபேசிச் செயலி ஒன்றின் துணையோடோ, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் வற்புறுத்தலாலோ கலோரி எண்ணி உடல் நிறையைக் குறைத்தவர்கள், அதன் பிறகும் காலமெல்லாம் அந்தக் கணக்கை எழுதிக்கொண்டே இருக்க வேண்டுமா? தேவையில்லை என்பதே எமது நிலைப்பாடு. இரண்டு மூன்று மாதம் எண்ணுவது நல்ல படிப்பு. எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு இருக்கிறது என்று அது கண்ணுக்குப் பழக்கிவிடும். படிப்பு முடிந்த பின் கொப்பியை மூடிவிடலாம். கிழமைக்கு ஒரு தடவை நிறையையும் மாதத்துக்கு ஒரு தடவை இடுப்புச் சுற்றளவையும் பார்த்து வந்து, நிறை 2 கிலோவுக்கு மேல் ஏறினால் மட்டும் மூன்று கிழமைக்கு அந்தக் கொப்பியைத் திரும்பத் திறந்தால் போதும்.

குறைந்த நிறை திரும்பி வராமல் காப்பது சிறிய விடயம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஸ்கொட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் 306 பேரை வைத்து நடத்தப்பட்ட டைரெக்ட் ஆய்வின் முதல் முடிவு 2017இல் வெளிவந்தது. கடும் உணவுக் கட்டுப்பாட்டின் மூலம் நிறையைக் குறைக்க உதவி பெற்ற நீரிழிவுக்காரரில் 46 வீதமானோருக்கு ஓராண்டில் மருந்தின்றியே குருதிச் சீனி கட்டுக்குள் வந்திருந்தது. இரண்டாம் ஆண்டில் அது 36 வீதமாகக் குறைந்தது. நிறை ஏற ஏற நோயும் திரும்பியது. எமது பகுதிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2005-2006 காலத்தில் நடந்த தேசிய நீரிழிவு ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு உண்டு என்று கண்டது. ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் அந்த ஆய்வு நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. அன்று எண்ணப்படாதவர்கள்தான் இன்று காலை ஆறு மணிக்கே கிளினிக் வரிசையில் துண்டு எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நிறை திரும்புவதை மன உறுதிக் குறைவு என்று பேசுவதும் தவறு. அவுஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்துக் கிழமை மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்திருந்து, ஓராண்டு கழித்து அவர்களது குருதியைப் பரிசோதித்தார்கள். பசியைத் தூண்டும் ஓமோன்கள் அப்போதும் உயர்ந்தே இருந்தன. பசியை அடக்குபவை குறைந்தே இருந்தன. 2011இல் வந்த இந்த முடிவைத்தான் ஆயுள்காலக் கணக்கை ஆதரிப்பவர்கள் தமது முதல் வாதமாக வைக்கிறார்கள்: உடல் ஓராண்டானாலும் விடாதென்றால் நாமும் விடக்கூடாது, எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்று. விழிப்பாக இருக்க வேண்டும் என்ற அளவில் நாம் உடன்படுகிறோம். அந்த விழிப்பு எதன் மீது இருக்க வேண்டும் என்பதில்தான் வேறுபடுகிறோம்.

உணவைப் பதிவு செய்பவர்கள் கூடுதலாக நிறை குறைகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நிறை குறைக்கும் மாதங்களைப் பற்றியவை. குறைத்த பின் என்ன செய்வது என்பதை நேரடியாகச் சோதித்தது அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு. உடல் நிறையில் பத்திலொரு பங்கையாவது குறைத்திருந்த 314 பேரில் ஒரு பகுதியினருக்கு மடல்கள் மட்டும் அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு நாள்தோறும் தராசில் ஏறவும், ஏறிய நிறையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று வலயமாகப் பார்க்கவும், சிவப்புக்கு வந்தால் மட்டும் பழைய கட்டுப்பாட்டைத் திரும்ப எடுக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பதினெட்டு மாதத்தில் மடல் பெற்றவர்களில் 72 வீதமானோர் 2.3 கிலோ அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தார்கள். நேரில் பயிற்சி பெற்றவர்களில் அது 46 வீதம். இந்த நிறங்கள் எமது மக்களுக்குப் புதியவையும் அல்ல. 2016இலிருந்து மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு இதே மூன்று நிறங்களைப் பார்த்து வருகிறோம். நாம் சொல்லும் 2 கிலோ எல்லை இந்த ஆய்வை ஒட்டியது. எமது உடல்வாகு சிறியது என்பதால் கொஞ்சம் இறுக்கியிருக்கிறோம். பெருமளவு நிறை குறைத்து அதைக் காத்துவரும் அமெரிக்கர்களின் தேசியப் பதிவேட்டிலும் நான்கில் மூன்று பேர் கிழமைக்கு ஒரு தடவையாவது நிறை பார்ப்பவர்கள். தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்களின் பதிவேடு அது. ஆகவே அதைத் துணைச் சான்றாக மட்டுமே வைக்கிறோம்.

இனி எமது சமையலறைக்கு வருவோம். ஒரு சராசரி ஆளின் அன்றாட உணவில் ஏறத்தாழ 24 கலோரி நிரந்தரமாகக் கூடினால், சில ஆண்டுகளில் ஒரு கிலோ ஏறும் என்று 2011இல் வெளிவந்த ஒரு கணிப்பு முறை சொல்கிறது. ஒரு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயிலேயே 40 கலோரி இருக்கிறது. தாளிக்கும்போது கை ஒரு தடவை கூடச் சரிந்தால் கணக்கு அதோடு போயிற்று. சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதற்பால் விட்டதா, கடைசிப்பாலில் இறக்கியதா என்பதில் கலோரி பல மடங்கு மாறும். செயலியிலோ சொதி என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும், அதுவும் இருந்தால். பிட்டுக்கு மாவும் தேங்காய்ப்பூவும் என்ன விகிதம் என்பது வீட்டுக்கு வீடு வேறு; அதே வீட்டிலும் தேங்காய் விலை ஏறிய கிழமை வேறு. பிழையான கணக்கென்றாலும் ஒரே மாதிரியாகப் பிழைத்தால் பயன்படும்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொதி செய்த உணவை ஒரே பிராண்டில் வாங்கிச் சாப்பிடுபவருக்கு அது பொருந்தும். இன்று அம்மா, நாளை மருமகள், கோயில் திருவிழா வந்தால் அன்னதானம் என்று சாப்பிடுபவருக்குப் பிழையும் ஒரே மாதிரி இருக்காது. உடல் செலவழிப்பதும் அப்படித்தான். காலபோக விதைப்பு நேரத்தில் வயலில் நிற்கும் உடலும், அறுவடை முடிந்து குளத்தில் தண்ணீர் வற்றிச் சிறுபோகமும் இல்லாத மாதத்தில் வீட்டில் இருக்கும் உடலும் ஒரே அளவு கேட்பதில்லை. செயலியோ ஆண்டு முழுதும் ஒரே இலக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இதைவிட எமக்குப் பெரிதாகப் படுவது, எண்ணுபவர் தனி ஆள், உலை ஒன்று என்பது. ஒரு வீட்டில் அப்பம்மாவுக்கு நீரிழிவு. பேரப்பிள்ளைக்கு நிறை காணாதென்று குடும்பநல உத்தியோகத்தர் திரிபோஷா கொடுக்கிறார். மகன் மேசன் வேலைக்குப் போகிறார். மூவருக்கும் சமைப்பவர் ஒருவர். நீண்டகாலக் கலோரிக் கணக்கு என்றால் நடைமுறையில் அந்தப் பெண்ணின் தலையில் இன்னொரு சமையலும் இன்னொரு கணக்கும். அவருக்கே நிறை கூடியிருந்தால் நிலைமை இன்னும் சிக்கல், ஏனென்றால் அவர் கடைசியாக, சட்டியில் மிஞ்சியதை வீணாக்கக்கூடாதென்று சாப்பிடுபவர். கோப்பையில் போட்டு அளந்து சாப்பிடும் சாப்பாடு அவருக்கு வாய்ப்பதே குறைவு. ஆகவே கோப்பையில் எண்ணுவதை விட்டு, உலையில் அளக்கச் சொல்கிறோம். அரிசியை எமது பெண்கள் ஏற்கெனவே சுண்டால் அளந்துதான் போடுகிறார்கள். அந்தச் சுண்டைக் கால்வாசி குறைத்து, அந்த இடத்தில் கௌபியோ பயறோ ஒரு கீரைச் சுண்டலோ சேர்த்தால் அது முழு வீட்டுக்கும் ஆகும். பிள்ளைக்கு மட்டும் முட்டையோ மீனோ கூட வைக்கலாம். மாதத்துக்கு எத்தனை போத்தல் எண்ணெய், எத்தனை கிலோ சீனி என்பது கடைக்காரரின் கடன் கொப்பியில் நாமே கேட்காமல் பதிவாகிக் கிடக்கிறது. அதைவிட நேர்மையான உணவுப் பதிவேடு எந்தச் செயலியிலும் இல்லை.

உணவை எண்ணுவது என்பதற்கு வன்னியில் வேறொரு வரலாறும் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு இந்த அறிக்கையை எழுத முடியாது. 2009இன் முதல் மாதங்களில் இங்கே போருக்குள் சிக்கியிருந்த மக்களின் தொகையை அரசு குறைத்துக் காட்டியது, அதன் மூலம் உள்ளே வந்த உணவும் மருந்தும் குறைக்கப்பட்டன என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள், பிறகு செட்டிக்குளம் முகாம்களில் பங்கீட்டுக்கு நின்றவர்கள், இன்று நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்கிறார்கள். நிறையைக் குறைக்கச் சொல்லிக் கிளினிக்கில் அறிவுரை கேட்பவர்களும் அவர்களே. பசி மனதில் என்ன செய்யும் என்பதற்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் நடந்த பரிசோதனை ஒரு சான்று. ஆரோக்கியமான 36 இளைஞர்களை 24 கிழமை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1570 கலோரியில் வைத்திருந்தார்கள். அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், சாப்பாட்டைப் பற்றியே கதைத்தார்கள், பரிசோதனை முடிந்த பின் வயிறு நிறைந்தும் போதாமல் சாப்பிட்டார்கள். அவர்கள் பருமனானவர்கள் அல்லர், நிறைய நடக்கவும் வைக்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என்றாலும் 1570 என்பது இன்று செயலிகள் பல பெண்களுக்கு விதிக்கும் அளவைவிடக் குறைவல்ல. தாமே விரும்பிச் சேர்ந்த, முடிவுநாள் தெரிந்த இளைஞர்களுக்கே அப்படியென்றால், முடிவு தெரியாத பசியைக் கண்டவரிடம் சாகும்வரை ஒவ்வொரு பிடியையும் எண்ணு என்று சொல்வது மருத்துவ அறிவுரையாகாது.

எண்ணுவதே உணவுக் கோளாறைக் கொண்டுவரும் என்று பயமுறுத்துபவர்களோடும் நாம் இல்லை. ஏற்கெனவே உணவுக் கோளாறு கண்டறியப்பட்டு, கலோரிச் செயலி பயன்படுத்தியவர்களிடம் 2017இல் கேட்டபோது, நான்கில் மூன்று பேருக்குக் கிட்ட அது தமது நோய்க்குத் துணைபோனதாகச் சொன்னார்கள். மறுபுறம், ஆபத்துக் குறைந்த கல்லூரிப் பெண்களை ஒரு மாதம் செயலியில் பதியவைத்த 2021 ஆய்வில் அப்படி எந்தப் பாதிப்பும் தென்படவில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால் கிடைப்பது, கொஞ்சக் காலம் எண்ணுவது பலருக்கும் பாதகமில்லை, ஏற்கெனவே சாப்பாட்டோடு போராடுபவர் அதன் பக்கமே போகக்கூடாது என்பதுதான். தராசும் சிலரை வருத்தும் என்பதை அறிவோம். அவர்கள் தையல் நாடாவால் இடுப்பை மட்டும் அளந்தால் போதும்; எமது இனத்தவருக்கு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் என்ற எல்லை பொருந்தும்.

பிள்ளைகள் நிறை காணாமல் இருக்கும் மாவட்டங்களில் நிறை குறைப்பைப் பற்றி அறிக்கை விடுவதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2022 நெருக்கடியில் நாட்டில் 63 இலட்சம் பேர் போதிய உணவின்றி இருப்பதாக உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் மதிப்பிட்டன. அந்த ஆண்டிலும் கிளினிக்கில் நீரிழிவுக்காரர் குறையவில்லை. மீனும் முட்டையும் மரக்கறியும் வாங்க முடியாதபோது வயிற்றை நிரப்புவது சோறும் பாணும் சீனித் தேத்தண்ணியுமே. இரண்டு நோயும் ஒரே வறுமையின் பிள்ளைகள், பல வேளைகளில் ஒரே வீட்டில்.

எண்ணுவது மனதுக்கு அமைதி தருகிறது, பாரமாக இல்லை என்று சொல்பவரை நாம் தடுக்கவில்லை, தொடரட்டும். இன்சுலின் போடுபவர்கள் ஒவ்வொரு வேளையும் எடுக்கும் மாவுச்சத்தின் அளவைக் கவனிப்பது வேறு விடயம். அதை வைத்தியர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களும் கலோரிக் கட்டுப்பாட்டில் தாமாக இறங்கவே கூடாது. கிளிநொச்சி, வவுனியா நகரங்களின் உடற்பயிற்சி நிலையங்களில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இலக்கம் எழுதிக் கொடுக்கும் பயிற்றுநர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்று மாவட்டங்களின் சுகாதாரப் பணிமனைகளிடம் எமது கோரிக்கை இது. நிறை குறைத்த ஒவ்வொருவரின் கிளினிக் கொப்பியிலும் அவரது இப்போதைய நிறையையும், அதற்கு மேல் 2 கிலோ கூட்டிய இலக்கத்தையும் சிவப்பில் எழுதிக் கொடுங்கள். ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் வரிசையில் நிற்காமல் வந்து நிறை பார்த்துவிட்டுப் போகக் கிழமையில் ஒரு பின்னேரத்தை ஒதுக்குங்கள். பகலில் வயலுக்கும் கூலிக்கும் போகிறவர்களுக்கு அது ஒன்றுதான் வசதி. சிவப்பு இலக்கத்தைத் தாண்டி வருபவரை எல்லார் முன்னாலும் ஏசாதீர்கள். ஏச்சு வாங்கியவர் அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டார்.