கதவைத் தட்டுவது யார்?

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஒருமுறை அல்ல, இரவு முழுவதும் தட்டுகிறார்கள்.

தெருக் கதவை அல்ல. வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரின் கதவை!

போடியில் ஏலக்காய் ஏலமே இப்போது கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. தேனி, கம்பம் பக்கத்தில் பலருக்குத் தோட்டம் மேலே மலையில், வீடு கீழே. ஏலக்காய் ஸ்டோரில் கேமரா மாட்டிவிட்டு, வீட்டில் இருந்தபடியே செல்போனில் பார்க்கிறார்கள். கடைக் கணக்கு, பாங்கிப் பணம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த இன்டர்நெட் கம்பி வழியாகத்தான் வருகின்றன.

திருடனும் அந்த வழியாகத்தான் வருகிறான்.

கம்ப்யூட்டரில் ஃபயர்வால் என்று ஒரு காவல்காரன் உண்டு. அழையாமல் வருகிறவர்களை விரட்டுவது அவன் வேலை. எழுதி வைக்கச் சொன்னால், யார் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதியும் வைப்பான். அந்தக் குறிப்பை முதன்முதலாகப் பார்க்கிறவருக்குத் தூக்கம் போய்விடும். முன்பின் தெரியாத இடங்களில் இருந்து நூறு தடவை, இருநூறு தடவை! "என்மேல் யாருக்கு இத்தனை விரோதம்?" என்று கேட்கத் தோன்றும்.

விரோதம் ஒன்றும் இல்லை. தட்டுவது ஆள் அல்ல, எந்திரம்.

39 வினாடிக்கு ஒரு தடவை

இன்டர்நெட்டின் பழைய முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள் உண்டு. வேகமான இணைப்பு இருந்தால், அத்தனை முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட கதவை ஒரே கம்ப்யூட்டர் முக்கால் மணி நேரத்தில் தட்டிப் பார்த்துவிடும். 2013-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இதைச் செய்து காட்டினார்கள். தெருத் தெருவாகப் போய் ஒவ்வொரு வீட்டுத் தாழ்ப்பாளையும் அசைத்துப் பார்ப்பது போன்ற வேலை இது. பூட்டி இருக்கிறதா? அடுத்த வீடு!

2007-ல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 4 கம்ப்யூட்டர்களை வேண்டுமென்றே எளிய பாஸ்வேர்டுடன் திறந்து வைத்தார்கள். சராசரியாக 39 வினாடிக்கு ஒரு தாக்குதல் வந்தது. நாள் ஒன்றுக்கு 2,244 தடவை! பெயரையே பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்த்ததுதான் அதிகம்.

மலையடிவாரத்தில் நிலக்கடலை போட்டவர்களுக்கு இது புதிது அல்ல. பன்றி வேலியைச் சுற்றிச் சுற்றி வரத்தான் செய்யும். அது எத்தனை தடவை வந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தால் வெள்ளாமை மிஞ்சாது. வேலியில் எங்கே ஓட்டை என்று பார்க்க வேண்டும்.

"அட்மின்" என்ற சாவி

ஓட்டை பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இல்லை. மோடத்திலும் கேமராவிலும் இருக்கிறது. கடையில் வாங்கும்போது இருந்த "அட்மின்" என்ற பாஸ்வேர்டை மாற்றாமலே விட்டுவிடுகிறோம்.

2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடங்கள் பல திடீரென்று செயலிழந்தன. அவற்றில் இருந்தது இந்தப் பழைய பாஸ்வேர்டுதான். அதை உடனே மாற்றும்படி பி.எஸ்.என்.எல். கேட்டுக்கொண்டது.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இன்னும் பெரிது. "மிராய்" என்ற நச்சு நிரல், சுமார் 60 சாதாரண பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கேமராக்களையும் மோடங்களையும் பிடித்துவிட்டது. 2016 அக்டோபர் 21-ந்தேதி அப்படிப் பிடிபட்ட கருவிகளை ஏவி அடித்ததில், அமெரிக்காவில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலியவை பல மணி நேரம் திணறின. கேமராவின் சொந்தக்காரர்களோ ஒன்றும் அறியாதவர்கள். மிராயை உருவாக்கியதாக 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்ட மூவருக்கும் வயது 20, 21தான்!

"என்னைத் தட்டுகிறவனை நான் திருப்பி அடிக்கிறேன்" என்று சில இளைஞர்கள் கிளம்புவது உண்டு. வேண்டாம். குறிப்பில் தெரியும் முகவரி, உங்களைப் போல் ஏமாந்த ஒருவரின் கேமராவாக இருக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

வீட்டில் செய்ய வேண்டியது

மோடம், கேமரா இரண்டின் பாஸ்வேர்டையும் இன்றே மாற்றுங்கள். நீளமாக வையுங்கள். வெளியில் இருந்து மோடத்தை இயக்கும் வசதி திறந்திருந்தால் மூடிவிடுங்கள். ஏதோ ஒரு விளையாட்டு ஓடவில்லை என்பதற்காகப் பிள்ளைகள் ஃபயர்வாலை நிறுத்தி வைப்பார்கள், அதையும் பாருங்கள்.

"உங்கள் கம்ப்யூட்டரில் ஆள் புகுந்துவிட்டான், சரிசெய்து தருகிறோம்" என்று போன் வந்தால் பேச்சை வளர்க்காதீர்கள். புகப் பார்க்கிறவனே அவன்தான்! பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். தாமதித்தால் பணம் கை மாறிவிடும்.

ஆனால், எல்லாப் பொறுப்பையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயம் அல்ல. ஊருக்கெல்லாம் ஒரே சாவியைக் கொடுத்து விற்றவர்கள் யார்? இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல் இப்படிப்பட்ட பாஸ்வேர்டுடன் பொருளை விற்பது சட்டவிரோதம். நம் நாட்டிலும் புதிய கண்காணிப்புக் கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். நல்லதுதான். ஏற்கெனவே சுவரில் தொங்கும் பழைய கேமராக்களை யார் சோதிப்பது?

கேமரா மாட்டித் தரும் கடைக்காரர்களே அதைச் செய்யலாம். பழைய வாடிக்கையாளர் வீடுகளுக்கு ஒருமுறை போய், பாஸ்வேர்டை வீட்டுக்காரர் கையாலேயே மாற்ற வைக்கலாம். அரை மணி நேர வேலை. அதற்குக் கூலி கேட்டாலும் கொடுக்கலாம்.