பேச்சுத்துணையையும் பறிக்கும் தண்டனை

பெங்களூரில் ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றவருக்கு 2006-இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2011-இல் அதை உறுதி செய்தது. அந்தக் குற்றத்தின் கொடூரம் பற்றி யாருக்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் தீர்ப்பு வந்ததிலிருந்தே அவரைப் பெலகாவி சிறையில் தனியே அடைத்தார்கள். மேல்முறையீடு நடந்தபோதும், கருணை மனு டெல்லியில் காத்திருந்தபோதும் அவர் தனியேதான் இருந்தார். 2013-இல் அந்த மனு நிராகரிக்கப்பட்ட பிறகும் 2016 வரை இதே நிலைதான். ஆக, பத்து ஆண்டுகள். 2022 நவம்பர் 4 அன்று தலைமை நீதிபதி யு.யு. லலித் தலைமையிலான அமர்வு, கருணை மனு முடிவாகும் முன்பே அவரைத் தனிமையில் வைத்ததற்குச் சட்டத்தில் இடமில்லை என்றும், அது அவருடைய நலனைக் கெடுத்திருக்கிறது என்றும் கூறியது. தூக்கு ரத்தானது; குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டிய ஆயுள் தண்டனையாக மாறியது.

அந்தப் பத்து ஆண்டுகளில் எத்தனை அதிகாரிகள் அந்த வராந்தாவைக் கடந்து போயிருப்பார்கள்? எத்தனை முறை ஆய்வுக் குறிப்பு எழுதப்பட்டிருக்கும்? இது தப்பு என்று அறிய அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. 1978-லேயே நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லி முடித்துவிட்ட விஷயம் அது.

திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ராவின் வழக்கு அப்போது ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வின் முன் வந்தது. அமர்வில் ஒருவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். 1948-இல் தாமே ஒரு மாதம் சிறையில் இருந்தவர். 1957-இல் அமைந்த கேரள அமைச்சரவையில் சிறைத் துறையையும் கவனித்தவர். கம்பிக்கு உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் சிறையைப் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்தது. தூக்குக் கைதியைத் தனி அறையில் காவலுடன் வைக்கலாம் என்கிறது 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு. அது தனிமைச் சிறைக்கான அனுமதி ஆகாது என்று அந்த அமர்வு தீர்ப்பளித்தது. மேல்முறையீடு, கருணை மனு எல்லாம் முடிந்து, இனி வேறு வழியில்லை என்று ஆன பிறகுதான் ஒருவர் அந்தப் பிரிவின் கீழ் வருவார் என்றும் தெளிவாக்கியது. 1979 டிசம்பரில் பத்ராவின் இரண்டாவது வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. செஷன்ஸ் நீதிபதி பரிசீலிக்காமல் எந்தக் கைதியையும் தனிக்கொட்டடியில் போடக் கூடாது. அவசரம் என்றால் இரண்டு நாளுக்குள் அந்த நீதிபதிக்குத் தகவல் போக வேண்டும் என்றது. 2014-இல் தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு, சத்ருகன் சௌகான் வழக்கில், கருணை மனு முடிவாகும் முன் தனிமைச் சிறை கூடாது என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் பெலகாவி கைதி தனியாகவே கிடந்தார்.

நீதிமன்றம் சொன்னது சிறைக்குள் போய்ச் சேராதது ஒருபுறம் இருக்கட்டும். சட்டமியற்றுகிறவர்கள் என்ன செய்தார்கள்? 1860-இல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 73, 74-ஆம் பிரிவுகள், கடுங்காவல் தண்டனையின் ஒரு பகுதியைத் தனிமைச் சிறையில் கழிக்கும்படி ஆணையிட நீதிமன்றத்துக்கே அதிகாரம் கொடுத்தன. மொத்தம் மூன்று மாதம் வரை; ஒரு தடவைக்கு 14 நாளுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் வைத்தன. இக்காலச் சிந்தனைக்கு ஒவ்வாத இந்தத் தண்டனைக்குச் சட்டத்தில் இடமே இருக்கக் கூடாது என்று சட்ட ஆணையம் 1971-இல் தனது 42-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அரை நூற்றாண்டு கழித்து, காலனியாதிக்கச் சட்டங்களின் சுவடே இல்லாமல் செய்யப்போகிறோம் என்று அறிவித்து பாரதிய நியாய சன்ஹிதா கொண்டுவரப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள அந்தச் சட்டத்தின் 11, 12-ஆம் பிரிவுகளைப் புரட்டிப் பாருங்கள். பழைய 73-உம் 74-உம் எண் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

தனிமையைத் தண்டனையாக்கினால் என்ன ஆகும் என்பதை அறிய நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. போர்ட் பிளேரில் 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் 693 அறைகள்; அறைக்கு ஒருவர். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டினார்கள். எதிரில் இன்னொரு மனித முகம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டிக்கப்பட்ட உல்லாஸ்கர் தத், அங்கே தனிமையும் சித்திரவதையும் சேர்ந்து தாக்கியதில் புத்தி பேதலித்து, சென்னையிலிருந்த மனநல விடுதிக்குக் கொண்டுவரப்பட்டார். இன்று அந்தச் சிறை தேசிய நினைவுச் சின்னம். அங்கே போய்க் கண் கலங்கித் திரும்பும் நாம், அதே முறையைப் புதிய சட்டத்திலும் எழுதி வைத்திருக்கிறோம்.

உண்மையில், இன்றைக்குத் தனிமைச் சிறை பெரும்பாலும் நீதிமன்ற ஆணையால் வருவதில்லை. சிறை நிர்வாகத்தின் வாய்மொழி உத்தரவால் வருகிறது. ‘பாதுகாப்புக்காகத் தனி செல்’, ‘உயர் பாதுகாப்பு பிளாக்’, ‘விசாரணை முடியும் வரை’ என்று அதற்குப் பல பெயர்கள். பெயர் மாறுவதால் வரம்பும் மாறிவிடுகிறது. 14 நாள் கணக்கு எங்கேயும் தொடங்குவதே இல்லை. வேலூர் மத்திய சிறை தொடர்பாக 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயுள் கைதியான தன் மகனைச் சிறைத் துறை அதிகாரி வீட்டில் வேலை வாங்கி, அங்கே பணம் திருடியதாகச் சொல்லி அடித்து, மூன்று மாதத்துக்கும் மேல் தனிக்கொட்டடியில் வைத்தார்கள் என்று ஒரு தாய் முறையிட்டார். சிபிசிஐடி விசாரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றச்சாட்டு நிரூபணமாகும் வரை யாரையும் குற்றவாளி என்று நாம் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தத் தாய் படியேறாமல் போயிருந்தால், உள்ளே ஒருவர் எத்தனை நாளாகத் தனியே இருக்கிறார் என்ற கேள்வியே எழுந்திருக்காது.

வீட்டில் வயதானவர்கள் கேட்பது என்ன? சோறு துணிக்கு அப்புறம் ஒரு பேச்சுத்துணை. அது இல்லாமல் போனால் அவர்கள் எப்படித் தளர்ந்து போகிறார்கள் என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். கொட்டடிக்குள் இருப்பவருக்கு அதோடு வெயில், வேலை, நடை, தூக்கம், நேரம் பற்றிய உணர்வு எல்லாமே போகின்றன. நியூயார்க் நகரச் சிறைகள் பற்றி 2014-இல் வெளியான ஆய்வு, அங்கே அடைக்கப்பட்டவர்களில் சுமார் 7 சதவீதத்தினரே தனிமைக்கு அனுப்பப்பட்டார்கள், ஆனால் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட நிகழ்வுகளில் பாதிக்கு மேல் அவர்களிடையேதான் நடந்தன என்று கண்டது. வட கரோலினாவில் 2000 முதல் 2015 வரை விடுதலையான 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தார்கள். தனிமையில் இருந்தவர்கள் வெளியே வந்த முதல் ஆண்டில் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு மற்றவர்களைவிட 78 சதவீதம் கூடுதல் என்று தெரியவந்தது. ஏற்கெனவே மனநலம் குன்றியவர்கள்தான் தனிமைக்கு அதிகம் போகிறார்கள், அதனால் எண்ணிக்கை அப்படித் தெரிகிறது என்று சிலர் வாதிடலாம். அப்படியானால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர்களை நாம் இருட்டறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்றாகிறது. அது இன்னும் மோசம்.

‘கொலைகாரனுக்குப் பேச்சுத்துணை ஒரு கேடா? அவன் கையால் செத்தவருக்கு யார் துணை?’ என்று கேட்பவர்களின் கோபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. மகளை இழந்த குடும்பத்திடம் போய்க் கைதியின் மனநலம் பற்றிப் பேசுவது எளிதல்ல. அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்: நீதிமன்றம் கொடுத்த தண்டனை ஒன்று, சிறை சேர்த்துக்கொண்ட தண்டனை இன்னொன்று. இரண்டாவதுக்கு வழக்கில்லை, வாதமில்லை, தீர்ப்பில்லை. பெலகாவியில் அதுவே கடைசியில் முதல் தண்டனையை உடைத்தது. தூக்குத் தண்டனையே கூடாது என்பது நம் நிலைப்பாடு. ஆனால் அது வேண்டும் என்று காத்திருந்தவர்களையும் ஏமாற்றியது சிறை நிர்வாகத்தின் அத்துமீறல்தான்.

ஊர்ப் பாதுகாப்புக்குத் தனிமைச் சிறை வேண்டும் என்ற வாதத்துக்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். அங்கே சிறைத் துறைத் தலைவராக இருந்த டாம் கிளெமென்ட்ஸ், தனிமைச் சிறையைக் குறைக்க முயன்றவர். 2013 மார்ச் 19 அன்று இரவு வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் தண்டனைக் காலத்தின் பெரும்பகுதியைத் தனிமையில் கழித்து, அங்கிருந்து நேரே தெருவுக்கு விடப்பட்ட ஒருவர். இத்தனை வருடம் தனியே வைத்துவிட்டு மனிதர்களோடு பழகப் பயிற்சியே தராமல் என்னை வெளியே விடுவது சரியா என்று சிறை நிர்வாகத்திடமே அவர் எழுதிக் கேட்டிருந்தார். வேறு எந்த அரசாக இருந்தாலும் அந்தக் கொலைக்குப் பிறகு பூட்டுகளைக் கூட்டியிருக்கும். கிளெமென்ட்ஸ் இடத்துக்கு வந்த ரிக் ரேமிஷ் வேறு விதமாக யோசித்தார். 2014 ஜனவரியில் தானே ஒரு தனிமை அறையில் போய் 20 மணி நேரம் இருந்து பார்த்தார். அந்த ஒரு இரவை அவர் பத்திரிகையில் எழுதவும் செய்தார். 15 நாளுக்கு மேல் யாரையும் தனிமையில் வைப்பதில்லை என்ற நிலையை 2017-இல் அந்த மாநிலம் எட்டியது. தன் துறையின் தலைவரையே பலிகொடுத்த ஒரு நிர்வாகம் எடுத்த முடிவு இது. கைதிகளில் பெரும்பாலானோர் ஒருநாள் நம் தெருவுக்குத்தான் திரும்பி வருவார்கள் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

15 நாள் என்ற அளவு ரேமிஷ் கையிலிருந்து போட்டதல்ல. 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் உள்ளது அது. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்தால் அது தனிமைச் சிறை. தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் அது நீண்ட தனிமைச் சிறை, தடைசெய்யப்பட்டது. இந்த வரையறையில் நமக்குப் பிடித்தது, அது பெயரைப் பார்க்காமல் மணிக்கணக்கைப் பார்ப்பது. பிளாக்குக்கு என்ன பெயர் வைத்தாலும் 22 மணி நேரம் 22 மணி நேரம்தான்.

சக கைதியைத் தாக்குகிறவரை, உள்ளேயிருந்தே கும்பலை நடத்துகிறவரை என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அவரைப் பிரித்து வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். பிரித்து வைப்பதற்கும் ஈ காக்கை அண்டாமல் அடைப்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. தனி அறையில் படுப்பவரும் காலையில் வெயிலில் நடக்கலாம், மனு போட்டுப் பார்க்க வரும் மனைவியிடம் பேசலாம், பாடம் படிக்கலாம், மருத்துவரைச் சந்திக்கலாம், ஆபத்தில்லாத ஓரிருவரோடு சாப்பிடலாம். இதற்குக் கூடுதல் ஆள் வேண்டும். நம் சிறைகளில் காவலர் பற்றாக்குறை உண்மை. இரவுபகல் பாராமல் வேலை செய்யும் வார்டன்கள் மீது மட்டும் பழியைப் போடுவது சரியல்ல. அந்த ஆட்களைத் தர வேண்டியது அரசு. ஆள் இல்லை என்பதற்காக ஒரு மனிதனை மாதக்கணக்கில் பூட்டி வைப்பதை ஏற்க முடியாது.

நாடாளுமன்றம் நியாய சன்ஹிதாவின் 11, 12-ஆம் பிரிவுகளை நீக்க வேண்டும். 1971-லேயே முடிந்திருக்க வேண்டிய வேலை அது. சிறைகள் மாநிலப் பட்டியலில் உள்ளவை என்பதால் தமிழக அரசு டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 22 மணி நேரக் கணக்கைச் சிறை விதிகளில் சேர்த்து, 15 நாளை எந்தக் காரணத்துக்கும் தாண்ட முடியாத எல்லையாக்கலாம். மனநோய் உள்ளவர்களுக்கு ஒரு நாள்கூடக் கூடாது. ஒருவரைத் தனியே வைத்தால் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் நகல் கைதிக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும், செஷன்ஸ் நீதிபதிக்கும் போக வேண்டும். ஆண்டுக்கு எத்தனை பேர், எத்தனை நாள் என்ற கணக்கைச் சட்டப்பேரவையில் வைக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் நாள் பிடிக்கலாம். ஆனால் 1979 தீர்ப்பு கொடுத்த அதிகாரத்தைப் பயன்படுத்த மாவட்ட நீதிபதிகளுக்கு இன்றே தடை எதுவும் இல்லை. அடுத்த முறை அவர்கள் சிறையைப் பார்வையிடப் போகும்போது, சமையற்கூடத்தையும் நூலகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், தனி செல்களின் பதிவேட்டைக் கேட்டு வாங்கட்டும். பதிவேடு இல்லை என்றால் செல்களின் கதவைத் திறக்கச் சொல்லட்டும். உள்ளே இருப்பவரிடம், வார்டன் பக்கத்தில் நிற்காமல், எத்தனை நாளாக இங்கே இருக்கிறாய், கடைசியாக யாரிடம் பேசினாய் என்று கேட்கட்டும்.