வியர்வை உலருமுன் கூலி

2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், கணினி, உடற்கல்வி முதலியவற்றைக் கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய் மாத ஊதியத்தில் நியமிக்கப்பட்டனர். ஊதியம் பின்னர் 10,000, 12,500 என உயர்ந்தது. பணிநிரந்தரமோ ஆண்டுக்கணக்கில் கோரிக்கையாகவே நீண்டது. மே மாத ஊதியமும் நெடுங்காலம் இல்லை.

திருவண்ணாமலையில் நம் பெண்மக்களுக்குத் தையல் கற்பிப்பவரும் இவர்களுள் ஒருவரே. வாரத்தில் மூன்று அரைநாள் வகுப்பு, மீதி நேரம் வேறு பிழைப்பு, மனத்தில் நாளையைப் பற்றிய கவலை. அவரிடம் ‘ஸப்ர் செய்யுங்கள்’ என்பது எளிது. ஆனால், உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். பொறுமை அவர் கடமையெனில், நீதி நம் கடமை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரும் பெற்றோராகிய நாம் அவர்களுக்காகப் பேசுவோம். அதற்கு முன், நம் மதரஸா உஸ்தாதுக்கு நாம் கொடுக்கும் சம்பளத்தையும் எண்ணிப் பார்ப்போம்.