தனுஷ்கோடியில் பேய் இல்லை



ராமேஸ்வரம் போகிற நம்மவர்கள் தனுஷ்கோடியில் இடிந்த சர்ச் முன்னால் நின்று படம் எடுத்து, "பேய் நகரம்" என்று எழுதிப் போடுகிறீர்கள். பக்கத்திலேயே ஓலைக் குடிசைகள் இருக்கின்றன. அவற்றில் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன, கண்ணுகளா.

1964 டிசம்பர் 22 இரவு, புயலில் கடல் எழுந்து ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு போயிற்று. பாம்பன் பாலமும் உடைந்தது. அதை 46 நாளில் சரிசெய்தார்கள். பொறியாளர் ஸ்ரீதரன் பெயரை வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்வேன். ஆனால் ஊருக்கு என்ன செய்தார்கள்? "மனிதர் வாழத் தகுதியற்ற இடம்" என்று ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வர 2017 ஆயிற்று. அதுவும் நம்ம சுற்றுலா வேன் போகத்தான்!

"ஆபத்துன்னு தெரிஞ்சும் ஏன் அங்கயே கெடக்கறாங்க?" என்று ஒரு உறவினர் கேட்டிருந்தார். அலாஸ்காவில் ஷிஷ்மரெஃப் என்றொரு தீவுக் கிராமம். கரையைக் காத்த கடல்பனி இப்போது தாமதமாக உறைவதால், புயல் அலை நிலத்தை அரிக்கிறது. இடம் மாறுகிறோம் என்று 2002இலும் 2016இலும் ஓட்டுப் போட்டார்கள். அதற்கான பணம்தான் வரவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நம்ம அன்னூர்ப் பக்கம் தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுக்கிறார்கள் என்றதும் ஊர் ஊராகத் திரண்டோமே. அப்போது யாராவது "வேற ஊருக்குப் போயிடுங்க" என்றிருந்தால் சும்மா விட்டிருப்போமா? கேட்ட உறவினர் கீழே பதில் எழுதட்டும், படிக்கிறேன்.