பிறவியிலேயே தீயவர்கள் என்று ஓர் இனம் உண்டா?

ரொறன்ரோவில் வாழும் எனது சகோதரியின் மகன் அண்மையில் மின்னஞ்சலில் நீண்டதோர் ஆவணத்தை அனுப்பியிருந்தான். வார இறுதிகளில் அவனும் நண்பர்களும் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடுகின்ற விளையாட்டுக்காக அவன் கற்பனை செய்திருக்கும் உலகமொன்றின் வரைபடமும் வரலாறும் குடிகளும் அதில் இருந்தன. 'பத்திரிகைக்காரரின் கண்ணால பார்த்து எங்க பிழை எண்டு சொல்லுங்கோ மாமா' என்று ஒரு வரி குறிப்பும் எழுதியிருந்தான்.

இந்த விளையாட்டைப் பற்றி அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். ஒருவர் கதை சொல்பவராக அமர்வார். ஏனையவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு அந்தக் கதைக்குள் நுழைவார்கள். தாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர்கள் வாயால் சொல்ல, அதன் விளைவைப் பகடை தீர்மானிக்கும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தைச் சேர்ந்த கரி கைகக்ஸும் மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசனும் சேர்ந்து 1974ஆம் ஆண்டு வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' தான் இவ்வகையில் முதலாவது. ஆயிரம் பிரதிகளுடன் தொடங்கிய அந்த விளையாட்டு அரை நூற்றாண்டைக் கடந்து இன்றும் ஆடப்படுகிறது. கணினி விளையாட்டுகளில் ஒரு பெரும் பகுதி அதன் வாரிசுகளே.

மருமகனின் உலகத்தில் காடுகளில் அழகிய எல்ஃப்கள் வாழ்ந்தார்கள். மலைக்குள் குள்ளர்கள் சுரங்கம் தோண்டினார்கள். கிழக்கே ஓர்க்குகள் இருந்தன. அந்த ஓர்க்குகளைப் பற்றி அவன் எழுதியிருந்தது இரண்டே வாக்கியங்கள். அவை பிறவியிலேயே கொடியவை, அவற்றைக் கொல்வதால் பாவம் எதுவும் இல்லை. எஞ்சிய பக்கங்களை வாசிப்பதற்கு முன்னர் சிறிது நேரம் அந்த வாக்கியங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவை அவனுடைய சொந்தக் கற்பனைகள் அல்ல. ஜே.ஆர்.ஆர். ரொல்கீன் 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த ஹொபிட்' நாவலிலும் 1954 - 55 காலப்பகுதியில் வெளியிட்ட 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நாவலிலும் இருந்து விளையாட்டு வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொண்ட சரக்குகளே அவை. எந்தளவுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்றால், ஆரம்பப் பதிப்புகளில் இருந்த 'ஹொபிட்' என்ற சொல்லைச் சட்டப் பிரச்சினை காரணமாகப் பின்னர் 'ஹாஃப்லிங்' என்று மாற்றவேண்டி வந்தது.

ஆனால், இரவல் வாங்கியவர்கள் ரொல்கீனுக்கு இருந்த மனக்குழப்பத்தை இரவல் வாங்கவில்லை. அவர் பக்திமிக்க கத்தோலிக்கர். தீய சக்தியினால் உயிரைப் படைக்க இயலாது, இருப்பதைக் கெடுக்கவே இயலும் என்பது அவரது நம்பிக்கை. அப்படியானால் ஓர்க்குகள் எங்கிருந்து வந்தன, அவற்றுக்கு ஆன்மா உண்டா, மீட்சி உண்டா என்ற கேள்விகள் அவரை இறுதிக் காலம் வரை வருத்தின. எல்ஃப்களைச் சித்திரவதை செய்து சீரழித்தே அவை உருவாக்கப்பட்டன என்ற விளக்கம் அவரது மறைவுக்குப் பின்னர் 1977ஆம் ஆண்டு வெளியான 'த சில்மரில்லியன்' நூலில் இருக்கிறது. அந்த விளக்கத்திலும் அவர் திருப்தி அடைந்திருக்கவில்லை என்பதை அவரது பிற்காலக் குறிப்புகள் காட்டுகின்றன. படைத்தவர் விடை காணாமல் விட்டுச்சென்ற கேள்வியை விளையாட்டுப் புத்தகம் ஒற்றைச் சொல்லில் தீர்த்துவைத்தது. ஒவ்வொரு விலங்குக்கும் இனத்துக்கும் எதிரே எத்தனை பலம், எத்தனை வேகம் என்று எழுதுவதைப் போலவே 'தீயது' என்றும் எழுதிவிட்டார்கள்.

அந்த விளையாட்டின் 1977ஆம் ஆண்டு அரக்கர் கையேட்டில் 'ராட்சசன்' என்ற தலைப்பின் கீழும் ஒரு பதிவு இருக்கிறது. புலித்தலையுடன் புகைக்குழாய் பிடித்தபடி சாவகாசமாக அமர்ந்திருக்கும் ஓர் உருவத்தை அதற்கு வரைந்திருக்கிறார்கள். ஆசீர்வதிக்கப்பட்ட அம்பினால் கொல்லப்படவேண்டிய தீய ஆவி அது. இதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மையே. ஆனால், இராவணனின் நாடு என்று கதைகளில் சொல்லப்படுகின்ற தீவில் பிறந்தவனுக்கு அந்தச் சிரிப்பு நீடிப்பதில்லை. திருஞானசம்பந்தரின் பதிகங்களில் எட்டாவது பாடல்தோறும் வருகின்ற இராவணன், கயிலையைப் பெயர்க்க முனைந்து நசுங்கி, பாடி அருள்பெற்ற பக்தன். திருகோணமலையில் கோணேசர் ஆலயத்துக்கு அருகில் பாறைப் பிளவை இன்றும் இராவணன் வெட்டு என்றே அழைக்கிறோம். ஒருவரின் கையேட்டில் கொல்லப்படவேண்டிய பிராணியாக இருப்பவன் இன்னொருவரின் தேவாரத்தில் இசைஞானியாக இருக்கிறான்.

இது வெறும் விளையாட்டுத்தானே, இதற்குப் போய் இவ்வளவு யோசிக்கவேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓர்க்கை வெட்டுகின்ற சிறுவன் வளர்ந்து மனிதனை வெட்டுவான் என்று நான் சொல்லவரவில்லை. பழக்கப்பட்ட மரபுகளுக்கு ஒரு பயனும் இருக்கிறது. 'எல்ஃப்' என்று சொன்னவுடன் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் அனைவருக்கும் ஒரே சித்திரம் தோன்றுகிறது, விளக்கவுரை தேவையில்லை. நாளெல்லாம் வேலை செய்து களைத்தவர்களுக்கு மனச்சாட்சியின் உறுத்தல் இல்லாமல் வாள்வீசுவதற்கு ஓர் எதிரி தேவைப்படுவதையும் விளங்கிக்கொள்ள முடிகிறது.

ஆனால், எதிரி வேண்டும் என்பது வேறு, எதிரி பிறப்பினாலேயே தீயவனாக இருக்கவேண்டும் என்பது வேறு. சதுரங்கத்தில் கறுப்புக் காய்கள் தீயவை என்று எவரும் சொல்வதில்லை. இரு தரப்புக்கும் அரசனும் யானையும் காலாட்களும் சமமாகவே இருக்கின்றன. ஆட்டம் அதனால் சுவை குன்றிவிடவில்லை.

போர்க்காலத்தில் ஆசிரியபீடத்தில் பணியாற்றியவன் என்ற வகையில் இதில் எனக்கு ஓர் உறுத்தலும் உண்டு. இரவில் இரு தரப்புகளிடமிருந்தும் அறிக்கைகள் வரும். தத்தமது தரப்பில் இறந்தவர்களுக்குப் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், சில வேளைகளில் புகைப்படமும் இருக்கும். எதிர்த்தரப்பில் இறந்தவர்களுக்கு எண்ணிக்கை மாத்திரமே இருக்கும். அந்த எண்ணிக்கையைத் தலைப்பாக்குவதில் எங்களுக்கு நாளடைவில் தயக்கம் அற்றுப்போனது. கொன்ற பிராணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வீரனுக்குப் புள்ளிகள் ஏறுகின்ற அந்த விளையாட்டின் கணக்கு எனக்குப் புதியதல்ல.

இந்த மரபுகளை மீள்பரிசீலனை செய்தவர்கள் இல்லாமலில்லை. ரிச்சர்ட் கரியட் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட 'அல்டிமா 4' கணினி விளையாட்டில் இறுதியில் கொல்லப்படவேண்டிய வில்லன் எவனும் இல்லை. எட்டு நற்பண்புகளைத் தன்னில் வளர்த்து 'அவதார்' என்ற நிலையை அடைவதே குறிக்கோள். பார்வையற்ற வியாபாரிக்குக் காசைக் குறைத்துக் கொடுத்து ஏமாற்றினால் அந்த விளையாட்டு அதை நினைவில் வைத்திருக்கும். 1999ஆம் ஆண்டின் 'பிளேன்ஸ்கேப்: டோர்மென்ட்' விளையாட்டில் நாயகன் சாகவரம் பெற்றவன். பிணவறையில் நினைவிழந்து கண்விழிக்கும் அவன் முற்பிறவிகளைப் போன்ற தனது பழைய வாழ்க்கைகளில் தானே செய்த கொடுமைகளைத் தேடிக் கண்டறிகிறான். அங்கு வாளை விடப் பேச்சுக்கே பெறுமதி அதிகம். 2002ஆம் ஆண்டின் 'வோர்கிராஃப்ட் 3' ஓர்க்குகளுக்கு ஒரு தலைவனையும் இழந்த தாயகத்தையும் வெட்கப்படுவதற்குரிய கடந்த காலத்தையும் கொடுத்தது.

'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' வெளியீட்டாளர்களே 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தங்களது சில கற்பனை இனங்கள் சித்திரிக்கப்பட்ட விதம் நிஜ உலகில் மனிதக் குழுக்கள் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை வேதனையுடன் நினைவூட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் 'இனம்' என்ற சொல்லையே கைவிட்டு உயிரியலாளர்கள் பயன்படுத்துகின்ற வேறொரு சொல்லை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சொல்லை மாற்றியதால் எல்லாம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. சொற்களை மாற்றிப் பிரச்சினைகளை அப்படியே வைத்திருந்த அரசியலமைப்புகளைப் பார்த்தவர்கள் நாம்.

தலைகீழாக்குவதும் போதாது. ஓர்க்குகளை நல்லவர்களாகவும் எல்ஃப்களைக் கொடியவர்களாகவும் காட்டுவது இன்று பலருக்கும் பிடித்த உத்தியாக இருக்கிறது. அதில் முகமூடிகள் கைமாறுகின்றனவே தவிர, ஓர் இனம் முழுவதற்கும் ஒரே குணம் என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது.

மருமகனுக்கு நான் எழுதிய பதிலில் மூன்று விடயங்களைக் குறிப்பிட்டேன். முதலாவது, ஓர்க்குகள் எதற்காகச் சண்டையிடுகின்றன என்பதற்கு ஒரு காரணத்தைக் கொடு. அந்தக் காரணம் நியாயமானதாக இருக்கவேண்டும் என்பதில்லை. நிலமாகவோ தண்ணீராகவோ பழிவாங்கலாகவோ இருக்கலாம். காரணம் இருந்தால் பேச்சுவார்த்தைக்கு இடமிருக்கும், பேச்சுவார்த்தை முறிவடைவதற்கும் இடமிருக்கும். இரண்டாவது, உனது வீரர்கள் கொள்ளையிடப் போகின்ற பாழடைந்த நகரம் யாருடைய மூதாதையருடையது என்று கேட்டுப்பார். புதையல் எப்போதும் எவருக்கோ சொந்தமாக இருந்த பொருள்தான்.

மூன்றாவதைச் சற்று அழுத்தமாகவே எழுதினேன். அவனது உலகத்தில் எல்லோரும் 'பொதுமொழி' ஒன்றைப் பேசுகிறார்கள். இதுவும் அந்த விளையாட்டுகளின் பழைய வசதிதான். அந்தப் பொதுமொழி முதலில் யாருடைய மொழியாக இருந்தது? மற்றவர்கள் அதை விரும்பிக் கற்றார்களா, கற்காவிட்டால் உத்தியோகம் இல்லை என்று சொல்லப்பட்டதா? எங்கள் நாட்டில் 1956ஆம் ஆண்டு ஒரு மொழியை மாத்திரம் அரசகரும மொழியாக்கிய சட்டம் எத்தனை குடும்பங்களின் கதையை மாற்றியது என்பதை உனது அம்மப்பாவின் வாழ்க்கையில் இருந்து நீ அறிந்திருப்பாய். மந்திரவாதியை விட ஒரு மொழிபெயர்ப்பாளன் முக்கியமானவனாக இருக்கின்ற உலகத்தை நீ படைத்தால் என்ன?

இரண்டு நாட்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். 'எதிரி இல்லாமல் என்னத்தை விளையாடுறது மாமா?' என்று கேட்டான். 'எதிரி இருக்கட்டும் தம்பி. அவனுக்கு ஒரு பெயரை வை. முதல்ல அவ்வளவும் போதும்' என்றேன்.

கடந்த வாரம் திருத்திய ஆவணம் வந்தது. எல்ஃப்கள் இன்னமும் காட்டிலேயே அழகாக இருக்கிறார்கள். அதை மாற்றுவதற்கு அவனுக்கு மனம் வரவில்லை போலும். ஆனால், கிழக்கே வாழ்கின்ற மக்களைப் பற்றி இப்போது ஆறு பக்கங்கள் எழுதியிருக்கிறான். அவர்களுக்கு மூன்று குலங்களும் ஓர் ஆறும் இருக்கின்றன. அந்த ஆற்றை மேலே அணைகட்டி மறித்தவர்கள் மனிதர்கள். அவர்களது மொழியில் முப்பது சொற்கள் வரையிலும் எழுதிவைத்திருக்கிறான். கொல்வதால் பாவம் இல்லை என்ற அந்த வாக்கியம் எந்தப் பக்கத்திலும் இல்லை.